ஓடும் குழாயில் ஒரு கிளை

(ஜொகூர் மாநிலத் தோட்டம் ஒன்றின் மண்டபத்தில், தொழிலாளர் குடும்பங்களிடையே நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் எரிவாயுக் குழாய். “பால்மரம் வெட்டும் நமக்கும் எரிவாயுக் குழாய்க்கும் என்ன தொடர்பு?” என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். தொடர்பு உண்டு. நிரைகளுக்கு ஊடே மரமில்லாமல் வெட்டவெளியாகச் செல்லும் நீண்ட பட்டை நிலத்தையும், அதன் ஓரத்தில் நிற்கும் எச்சரிக்கைக் கம்பங்களையும் நம் நாட்டுத் தோட்டங்கள் பலவற்றில் காணலாம். அந்த மண்ணுக்கடியில் மிகுந்த அழுத்தத்தோடு எரிவாயு இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் மேல்தான் நாம் நடக்கிறோம், மாடு மேய்க்கிறோம், பிள்ளைகள் பந்து விளையாடுகிறார்கள். ஆகவே அதனைப் பற்றி அறிந்துகொள்வது நம் கடமையாகிறது.

கேலாங்கில் கண்ட காட்சி

சென்ற பள்ளி விடுமுறையின்போது சிங்கப்பூரில் உறவினர் வீட்டிற்குச் சென்றிருந்தோம். கேலாங் கிழக்கில் உள்ள சிவன் கோயிலில் வழிபாட்டை முடித்துக்கொண்டு, கேலாங் சாலையை நோக்கி நடந்து வந்தோம். அக்கோயில் முன்பு ஆர்ச்சர்ட் சாலைப் பகுதியில் இருந்தது என்பதும், 1983ஆம் ஆண்டில் அங்கிருந்து பெயர்க்கப்பட்டு, 1993ஆம் ஆண்டில் கேலாங்கில் புதிய கோயிலாகக் குடமுழுக்குக் கண்டது என்பதும் உங்களில் பலர் அறிந்த செய்தியே.

வழியில் ஒரு லோரோங்கில் சாலையோரத்தைத் தோண்டி வேலை செய்துகொண்டிருந்தார்கள். புதிதாகக் கட்டிய உணவுக் கடைக்கு எரிவாயு இணைப்புக் கொடுக்கும் வேலை. பள்ளத்தில் நின்ற இருவரும் தமிழர்கள். ஒருவர் ஐம்பது வயதை நெருங்கியவர். மற்றவர் தமிழ்நாட்டிலிருந்து அண்மையில் வந்த இளைஞர். பள்ளத்தில் தெரிந்தது பிளாஸ்டிக் குழாய். அதன் முதுகில் சேணம்போல் ஒரு கிளைப்பொருத்தியை வைத்து, மின்சாரத்தால் உருக்கி ஒட்டியிருந்தார்கள். இனி அந்தப் பொருத்திக்குள் இருக்கும் வெட்டும் கருவியைத் திருகிக் குழாயில் துளையிட வேண்டியதுதான் பாக்கி.

வானம் கறுத்து வந்தது. இளைஞர் சொன்னார்: “அண்ணே, மழை வருகிறது. இப்போதே வெட்டிவிடட்டுமா?”

மூத்தவர் குழாயின் மேல் மையால் எழுதியிருந்த நேரத்தைச் சுட்டிக் காட்டினார். “தம்பி, ஒட்டு முடிந்த நேரத்தை நீதானே எழுதினாய்? ஆறுவதற்கு இன்னும் எட்டு நிமிடம் இருக்கிறது. மழைக்கு அந்தக் கணக்குத் தெரியாது, நமக்குத் தெரியும்.”

எட்டு நிமிடமும் அவர்கள் காத்திருந்தார்கள். முதல் துளிகள் விழுந்தன. தார்ப்பாய் ஒன்றைப் பள்ளத்தின் மேல் இழுத்துக் கட்டினார்கள். நேரம் முடிந்த பிறகே துளையிட்டார்கள். குழாயில் எரிவாயு ஓடிக்கொண்டே இருந்தது. அத்தெருவில் ஓர் அடுப்புக்கூட அணையவில்லை.

வேலை முடிந்தபின் அந்தப் பெரியவரோடு சற்று நேரம் பேசினோம். முன்பு இரும்பினாலான உயரழுத்தக் குழாய்களில் வேலை செய்தவராம். “இங்கே அழுத்தம் குறைவு ஐயா. அங்கே மிக அதிகம். ஆனால் பாடம் ஒன்றுதான்: ஒவ்வொரு படிக்கும் அதற்குரிய நேரத்தைக் கொடுக்க வேண்டும்” என்றார். அந்தப் பாடத்தையே இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

காலாங் ஆற்றங்கரையிலிருந்து

கேலாங்கை அடுத்து ஓடும் காலாங் ஆற்றின் கரையில்தான் சிங்கப்பூரின் எரிவாயு வரலாறு தொடங்கியது. 1862ஆம் ஆண்டில் தனியார் நிறுவனம் ஒன்று அங்கே எரிவாயு ஆலையை அமைத்தது. 1864ஆம் ஆண்டு மே மாதம் 24ஆம் நாள் நகரின் தெருவிளக்குகள் முதன்முறையாக எரிவாயுவால் எரிந்தன. 1901ஆம் ஆண்டில் நகராட்சி அவ்வாலையைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. வாயுவைச் சேமித்து வைக்கும் மாபெரும் இரும்புக் கலன்கள், உள்ளிருக்கும் வாயுவின் அளவுக்கேற்ப உயர்வதும் தாழ்வதுமாக இருந்தன. சுற்றுவட்டாரத்துச் சீன மக்கள் அவ்விடத்திற்குத் தீ நகரம் என்று பொருள்படும் பெயரை இட்டு அழைத்து வந்தார்கள். 1998ஆம் ஆண்டில் அந்த ஆலை மூடப்பட்டது. அதன் வேலையைத் தீவின் வடகோடியில் உள்ள செனோக்கோ ஆலை ஏற்றுக்கொண்டது.

வடகோடி என்றால் ஜொகூர் நீரிணையின் கரை. நீரிணைக்கு இப்புறம் இருப்பது நம் நாடு. திரெங்கானுக் கடலில் எடுக்கப்படும் இயற்கை வாயு, கெர்த்தேயில் சுத்தம் செய்யப்பட்டு, தீபகற்பத்தின் குறுக்கே சிகாமட்டிற்கு வந்து, அங்கிருந்து ஒரு கிளை மேற்கே கிள்ளான் பக்கமும், மற்றொரு கிளை தெற்கே பாசிர் கூடாங் பக்கமும் செல்லுமாறு பெருவழிக் குழாய்கள் இடப்பட்டன. 1992ஆம் ஆண்டில் அவ்வாயு கடலடிக் குழாய் வழியாகச் சிங்கப்பூருக்கும் செல்லத் தொடங்கியது. காடு, கம்பம், செம்பனை, பால்மரம் ஆகிய அனைத்தையும் கடந்து செல்லும் வழி அது. நகரத்து அடுப்பும் தோட்டத்து மண்ணும் இவ்வாறு ஒரே குழாயால் பிணைக்கப்பட்டுள்ளன.

ஏன் மூடிவிட்டுச் செய்யக்கூடாது?

நகரம் வளர்கிறது, புதிய தொழிற்சாலைகள் எழுகின்றன. அவற்றிற்கெல்லாம் புதிய கிளைகள் வேண்டும். “குழாயை மூடி, வாயுவை வெளியேற்றி, வெட்டி இணைத்துவிட்டு மறுபடியும் திறந்துவிட்டால் என்ன?” என்று கேட்கலாம். நல்ல கேள்வி. விடையை அடுப்பிலிருந்தே தொடங்குவோம்.

அடுப்பில் தீ எங்கே எரிகிறது? அடுப்பின் வாயில் எரிகிறது, குழாய்க்குள் எரிவதில்லை. வாயு எரிவதற்குக் காற்று வேண்டும். இயற்கை வாயுவில் பெரும்பகுதி மீத்தேன். நூறு பங்கு கலவையில் மீத்தேன் ஏறத்தாழ 5 பங்கு முதல் 15 பங்கு வரை இருந்தால்தான் தீப்பற்றும். 5க்குக் குறைந்தால் வாயு போதாது; 15க்கு மிகுந்தால் காற்று போதாது. குழாய் முழுவதும் வாயு நிறைந்து, உள்ளிருந்து வெளியே தள்ளும் அழுத்தமும் இருக்கும்வரை, காற்று உள்ளே நுழைய வழியில்லை. ஆகவே நிறைந்த குழாயின் உட்புறம் எரியாது. வாயுவும் காற்றும் கலந்து கிடக்கும் அரைகுறைக் குழாயே ஆபத்தான குழாய்.

குழாயை மூடி வெறுமையாக்கினால் காற்று உள்ளே வரும். மீண்டும் வாயுவை விடும்போது இடைப்பட்ட நேரத்தில் அந்த ஆபத்தான கலவை உண்டாகும். அதனைத் தவிர்க்க, தீயை வளர்க்காத நைட்ரஜன் வாயுவைக் கொண்டு குழாயைத் துடைக்க வேண்டும். மேலும், வாயு நின்றவுடன் ஆயிரக்கணக்கான வீடுகளில் எரியும் அடுப்புகள் அணைந்துவிடும். யாரோ ஒருவர் திருகியை மூட மறந்திருப்பார். வாயு திரும்பி வரும்போது அவர் வீட்டில் தீயில்லாமல் வாயு மட்டும் பரவும். இதனால்தான், வாயுவை நிறுத்தினால் வீடு வீடாகச் சென்று சோதித்த பின்னரே திறக்க வேண்டியிருக்கிறது. மின் நிலையங்களுக்குச் செல்லும் பெருங்குழாயானால் பாதிப்பு இன்னும் பெரிது. சிங்கப்பூரின் மின்சாரத்தில் மிகப் பெரும் பகுதி இயற்கை வாயுவினாலேயே உற்பத்தியாகிறது.

எனவே, ஓடும் குழாயிலேயே கிளை இணைப்பது சில வேளைகளில் தேவையாகிறது. எனினும், அதனை எளிய வழியென்று யாரும் கருதிவிடலாகாது. மூடிச் செய்ய முடியுமா என்பதே பொறியாளர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. முடியாது என்று காரணத்தோடு எழுதி ஒப்பமிட்ட பிறகே அடுத்த படிக்குச் செல்ல வேண்டும்.

உங்களுக்குத் தெரிந்த தொழில்தான்

தோழர்களே, உயிருள்ள ஒன்றின் ஓட்டத்தை நிறுத்தாமல், அதனைக் கொல்லாமல், அதிலிருந்து ஒரு கிளை எடுப்பது எப்படி என்பதை உங்களுக்கு நாம் கற்றுத்தர வேண்டியதில்லை. அதனை நாள்தோறும் நீங்கள் செய்கிறீர்கள்.

அமேசான் காடுகளில் முற்காலத்தில் கோடரியால் மரத்தைக் கொத்திப் பால் எடுத்தார்கள். மரங்கள் புண்பட்டுப் பாழாயின. 1888ஆம் ஆண்டில் சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தின் பொறுப்பை ஏற்ற ரிட்லி என்பவர், அடுத்த பத்தாண்டுகளுக்குள் வேறொரு முறையைச் செய்து காட்டினார். பட்டையை மெல்லிய சீவலாகச் சீவி, அதே வெட்டை மறுமுறையும் திறந்து, மரம் சாகாமல் ஆண்டுக்கணக்கில் பால் எடுக்கும் முறை அது. இன்று உங்கள் கையில் இருக்கும் தொழில் அங்கிருந்து வந்தது.

விடியுமுன் ஏன் வெட்டுகிறோம்? அந்நேரத்தில் பால் நாளங்களில் அழுத்தம் மிகுந்திருப்பதே காரணம். காற்றழுத்தத்தைப்போல் 10 முதல் 15 மடங்கு வரை அழுத்தம் இருப்பதாக ஆய்வாளர்கள் அளந்து கண்டிருக்கிறார்கள். வெயில் ஏற ஏற அது குறைந்துவிடும். கத்தி ஆழம் போதாவிட்டால் பால் வராது. மிஞ்சினால் மரத்தில் காயம் விழும், புதுப்பட்டை மேடுபள்ளமாக வளரும். பட்டையின் கனத்தைக் கண்ணாலும் கையாலும் அறிந்து வெட்டுகிறவரே நல்ல வெட்டுக்காரர். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்னும் பழமொழி கத்திக்கும் பொருந்தும்.

குழாயில் கிளை வைப்பவருக்கும் இதே மூன்று கேள்விகள்தாம்: பட்டை எவ்வளவு கனம்? உள்ளே எவ்வளவு அழுத்தம்? கத்தி எவ்வளவு ஆழம்? ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. மரத்தில் சில மணி நேரத்தில் பால் தானே உறைந்து வெட்டை அடைத்துவிடும். காயம்பட்ட பட்டையும் காலப்போக்கில் வளரும். குழாய்க்கு உறையும் பாலும் இல்லை, வளரும் பட்டையும் இல்லை. ஒருமுறை தவறினால் தவறியதுதான்.

வேலை நடக்கும் முறை

அழுத்தமுள்ள குழாயில் துளையிடும் கருவி புதிதன்று. அமெரிக்காவின் டெகாட்டூர் நகரில் தண்ணீர்க் குழாய்களைப் பராமரித்து வந்த ஹிரோனிமஸ் முல்லர் என்பவர், தண்ணீர் ஓடும் குழாயை நிறுத்தாமல் துளையிட்டு இணைப்புக் கொடுக்கும் கருவியை 1872ஆம் ஆண்டில் உருவாக்கினார். அதே கருத்து வளர்ந்து இன்று உயரழுத்த வாயுக் குழாய்வரை வந்திருக்கிறது. படிகளை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதற்படி, குழாயைக் காண்பது. வரைபடத்தை மட்டும் நம்பக் கூடாது. குழாய்க்கு அருகில் இயந்திரத்தால் தோண்டாமல், கையால் மெதுவாக மண்ணை அகற்ற வேண்டும். பள்ளத்தின் சுவர் சரியாதபடி முட்டுக் கொடுக்க வேண்டும். அவசரமாக ஏறி வெளியேற இரு பக்கமும் வழி வேண்டும். வாயு கசிகிறதா என்று அளக்கும் கருவி வேலை தொடங்கும் முன்னும், வேலை முடியும் வரையிலும் பள்ளத்தில் இருக்க வேண்டும்.

இரண்டாம் படி, குழாயின் கனத்தை அளப்பது. செவிக்கு எட்டாத ஒலியலையை இரும்புக்குள் அனுப்பி, அது எதிரொலித்துத் திரும்பும் நேரத்தைக் கொண்டு கனத்தைக் கணக்கிடுகிறார்கள். துரு அரித்த இடம், பழைய ஒட்டு உள்ள இடம், இரும்பின் உள்ளே பிளவுள்ள இடம் ஆகியவை ஆகா. மரத்தில் முடிச்சுள்ள இடத்தை விட்டு வெட்டுவது போன்றதே இது.

மூன்றாம் படி, பற்றவைத்தல், அதாவது வெல்டிங். இரண்டு பாதிகளாகப் பிளந்த கனத்த இரும்பு உறையைக் குழாயைச் சுற்றிப் பொருத்திப் பற்றவைக்கிறார்கள். கிளை செல்லும் வாய் அந்த உறையில் இருக்கும். வேலை முழுவதிலும் மிகுந்த கவனம் வேண்டிய கட்டம் இதுவே. சூடு மிகுந்தால் குழாயின் சுவர் இளகி, உள்ளழுத்தம் அதனைப் பிய்த்துக்கொண்டு வெளிவரக்கூடும். சுவர் கனம் 6 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் இந்த ஆபத்துக் குறைவு. 5 மில்லிமீட்டரை நெருங்கினால் அச்சம் மிகுதி. அதற்காகச் சூட்டைக் குறைத்துவிடலாமா? அதிலும் ஆபத்து உண்டு. உள்ளே ஓடும் வாயு, ஒட்டை மிக விரைவாகக் குளிரச் செய்கிறது. விரைந்து குளிர்ந்த இரும்பு கடினமாகி, பின்னர் விரிசல் விடும். ஆகவே முன்கூட்டியே அதே வகை இரும்பில் மாதிரி ஒட்டுகள் போட்டுச் சோதித்து, இவ்வளவு சூடு, இவ்வளவு வேகம் என்று வரையறுக்கிறார்கள். ஈரம் ஏறாதபடி சூட்டுப் பெட்டியில் காத்த கம்பிகளையே பயன்படுத்துகிறார்கள். குழாயின் அழுத்தத்தையும் தேவைக்கேற்பக் குறைத்து வைக்கிறார்கள்.

இங்கேதான் கேலாங் பெரியவரின் எட்டு நிமிடம் பெரிதாகிறது. இத்தகைய விரிசல் சில வேளைகளில் உடனே தோன்றாது. பல மணி நேரம் கழித்தே தோன்றும். ஆகவே ஒட்டு முடிந்ததும் அவசரப்படாமல், விதித்த நேரம்வரை காத்திருந்து, பின்னர் கருவிகளால் ஆராய்ந்து, விரிசல் இல்லையென்று உறுதி செய்கிறார்கள்.

நான்காம் படி, சோதனை. உறையின் வாயில் வால்வைப் பொருத்தி, உறைக்குள் அழுத்தம் ஏற்றிக் கசிவு உண்டா என்று பார்க்கிறார்கள். இந்த அழுத்தத்திற்கும் அளவு உண்டு. அளவு மிஞ்சினால் வெளியிலிருந்து அமுக்கி உள்குழாயையே நெளித்துவிடும். சோதனையும் முறை தவறினால் தீங்கு செய்யும் என்பதற்கு இது சான்று.

ஐந்தாம் படி, துளையிடல். வால்வின் மேல் வெட்டும் இயந்திரத்தைப் பொருத்துகிறார்கள். இடையில் உள்ள காற்றை நைட்ரஜனால் வெளியேற்றுகிறார்கள். வால்வை முழுமையாகத் திறந்து, நடுவில் கூர்முனைத் துரப்பணமும் சுற்றிலும் வட்ட வாளும் கொண்ட தண்டை உள்ளே இறக்குகிறார்கள். கூர்முனை முதலில் துளைக்கும்; வாயு இயந்திரத்தின் உட்புறத்தை நிரப்பும்; வெளியே வராது. பின்னர் வட்ட வாள் குழாயின் சுவரை வட்டமாக அறுக்கும். அறுபட்ட வில்லை குழாயினுள் விழுந்து ஓடிவிடாதபடி, கூர்முனையில் உள்ள கம்பிக் கொக்கி அதனைப் பிடித்துக்கொள்ளும். தண்டை மேலே இழுத்து, வால்வை மூடி, இயந்திரத்திற்குள் எஞ்சிய அழுத்தத்தை வெளியேற்றிய பிறகே இயந்திரத்தைக் கழற்றுகிறார்கள்.

இங்கே ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நாம் ஆசிரியப் பயிற்சி பெற்றவர்கள். கணக்கில்லாமல் பாடம் நடத்த மனம் வருவதில்லை. பெருவழிக் குழாய்களில் அழுத்தம் காற்றழுத்தத்தைப்போல் 50, 60 மடங்குவரை இருப்பதுண்டு. 60 மடங்கு என்றால், ஒரு சதுரச் சென்டிமீட்டர் பரப்பில் ஏறத்தாழ 60 கிலோ எடை அழுத்துகிறது என்று பொருள். சோற்றுத் தட்டைவிடச் சிறியதாக, 20 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள துளையின் பரப்பு 314 சதுரச் சென்டிமீட்டர். 314ஐ 60ஆல் பெருக்கினால் 18,840 கிலோ. அதாவது, அந்த மூடப்பட்ட வால்வின் பின்னால் ஏறத்தாழ 19 டன் எடை தள்ளிக்கொண்டு நிற்கிறது. கேலாங் வீட்டு அடுப்புக்கு வரும் அழுத்தமோ ஒரு சாண் உயரத் தண்ணீர் தரும் அழுத்தத்தைத் தாண்டாது. பெருங்குழாயிலிருந்து அடுப்புக்கு வரும்வரை பல நிலையங்களில் அழுத்தத்தைப் படிப்படியாகக் குறைக்கிறார்கள்.

கடைசிப் படி, மூடுவது. புதிய கிளையைத் தனியே சோதித்து, அதிலுள்ள காற்றை நீக்கி, வாயுவை மெல்லத் திறந்து விடுகிறார்கள். துருப்பிடிக்காதபடி பூச்சைப் புதுப்பித்து, மணலிட்டு, எச்சரிக்கை நாடா விரித்து, மண்ணை மூடுகிறார்கள். வரைபடத்தில் புதிய கிளையைக் குறிப்பதோடுதான் வேலை முடிகிறது. குறிக்காமல் விட்ட குழாய், பின்னாளில் தோண்டுகிறவனுக்குக் கண்ணியாகிவிடும்.

ஒரு பள்ளிக்கூடத்தின் கதை

இவ்வளவு கட்டுப்பாடு எதற்கு என்று கேட்பவர்களுக்கு, ஒரு பள்ளிக்கூடத்தின் கதையைச் சொல்ல வேண்டும். வகுப்பறையில் நின்று பழகிய நம்மால் அதனை மனவேதனையின்றிச் சொல்ல இயலவில்லை.

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்ற சிற்றூர். சுற்றிலும் எண்ணெய்க் கிணறுகள். அங்குள்ள பள்ளி, எரிவாயுச் செலவைக் குறைக்கும் பொருட்டு, 1937ஆம் ஆண்டின் தொடக்கத்தில் முறையான இணைப்பை விட்டுவிட்டு, அருகில் சென்ற எண்ணெய் நிறுவனக் குழாய் ஒன்றில் கிளை எடுத்துக்கொண்டது. அந்த வட்டாரத்தில் பலரும் அவ்வாறு செய்து வந்ததால் யாரும் அதனைப் பெரிதாக எண்ணவில்லை. அந்த வாயுவுக்கு நாற்றம் இல்லை. இணைப்பில் கசிந்த வாயு கட்டடத்தின் அடியில் தேங்கியது. மார்ச் மாதம் 18ஆம் நாள், பள்ளி முடியும் வேளையில், தொழிற்கல்வி ஆசிரியர் ஒருவர் மரம் இழைக்கும் இயந்திரத்தின் விசையைப் போட்டார். ஒரு சிறு பொறி. கட்டடம் எழும்பி விழுந்தது. மாணவர்களும் ஆசிரியர்களுமாக ஏறத்தாழ 300 பேர் மாண்டனர்.

மிச்சப்படுத்த எண்ணியது சில நூறு டாலர். இழந்தது ஓர் ஊரின் பிள்ளைகளை. எரிவாயுவுக்கு அழுகிய முட்டை போன்ற நாற்றத்தைச் சேர்க்கவேண்டும் என்ற சட்டம் அங்கே அதன் பிறகுதான் வந்தது. இன்று நம் வீட்டு அடுப்பில் கசிவு ஏற்பட்டால் மூக்கு நம்மை எச்சரிக்கிறதென்றால், அதற்குப் பின்னால் அந்தப் பிள்ளைகளின் உயிர் இருக்கிறது.

நம் மண்ணின் கீழே

தூரத்துக் கதை என்று இதனை ஒதுக்கிவிட வேண்டாம். 2025ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் காலையில், நம் சிலாங்கூர் மாநிலத்தின் சுபாங் ஜெயா, புத்ரா ஹைட்ஸ் பகுதியில் பெருவழி எரிவாயுக் குழாய் வெடித்துத் தீப்பற்றியதை அறிவீர்கள். தீ வானளாவ எழுந்து பிற்பகல்வரை எரிந்தது. வீடுகளும் வாகனங்களும் கருகின. நூற்றுக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். அங்கே கிளை இணைக்கும் வேலை எதுவும் காரணமன்று. குழாயின் கீழிருந்த மண் தளர்ந்து, குழாய் மீண்டும் மீண்டும் அசைந்து, நாளடைவில் அதன் ஒட்டு சோர்ந்துபோனதே காரணம் என்று விசாரணை அறிக்கை கூறியது.

இதிலிருந்து நாம் அறிவது யாது? இரும்பு மட்டும் குழாயைக் காப்பதில்லை. அதைச் சுற்றியுள்ள மண்ணும் காக்கிறது. அந்த மண் நம் தோட்டத்தில் இருக்கிறது. பெருவழிக் குழாயில் ஓடும் வாயுவுக்குப் பெரும்பாலும் நாற்றம் சேர்ப்பதில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். நாற்றம் இல்லை, ஆகவே கசிவு இல்லை என்று முடிவு செய்துவிட முடியாது. கண்ணும் காதும்தான் நமக்குத் துணை.

எனவே பின்வருவனவற்றைக் கடைப்பிடிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

எச்சரிக்கைக் கம்பங்களுக்கு இடைப்பட்ட நிலத்தில் வாய்க்கால் வெட்டுவதோ, வேலிக்கால் ஊன்றுவதோ, குப்பையைக் கொளுத்துவதோ கூடாது. ஆழமாக வேர்விடும் மரங்களை அங்கே நடலாகாது. கனத்த லாரிகளும் மண்வாரி இயந்திரங்களும் அதற்கென அமைத்த கடப்பு வழியில் மட்டுமே செல்லவேண்டும். குத்தகைக்காரர் யாரேனும் அங்கே இயந்திரத்தோடு வந்து தோண்டத் தொடங்கினால், “அனுமதிக் கடிதம் உள்ளதா?” என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கேட்கக் கூச்சமாக இருந்தால், உடனே தோட்ட அலுவலகத்தில் தெரிவியுங்கள். சாய்ந்த கம்பத்தையும், மழையில் அரித்த மண்ணையும், வெளியே தெரியும் குழாயையும் கண்டால் அன்றே சொல்லிவிடுங்கள். மறுநாள் பெரட்டுவரை காத்திருக்க வேண்டாம்.

சீறும் ஓசை, காரணமின்றிப் பறக்கும் மண், தேங்கிய நீரில் விடாமல் எழும் குமிழிகள், பச்சைப் புல்லின் நடுவே திட்டாகக் காய்ந்த புல், இவை கசிவின் அடையாளங்களாக இருக்கக்கூடும். கண்டவுடன் பால் வாளியை அங்கேயே விட்டுவிட்டு, காற்று வீசும் திசைக்கு எதிராக விலகி நடங்கள். மோட்டார் சைக்கிளை முடுக்க வேண்டாம். சுருட்டு, சிகரெட் பற்றவைக்க வேண்டாம். கைப்பேசியைக்கூடப் பாதுகாப்பான தொலைவுக்குச் சென்ற பிறகே எடுக்க வேண்டும். பிறகு 999 எண்ணுக்கும், கம்பத்தில் எழுதியுள்ள எண்ணுக்கும் தெரிவியுங்கள். மற்றவர்களை அப்பக்கம் வரவிடாமல் தடுங்கள். கசிவை அடைக்க நாமே முயல்வது வீரமன்று.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை

தோட்டத்துப் பிள்ளைகள் பலர் இன்று வெல்டிங் கற்று, பாசிர் கூடாங்கிலும் பெங்கெராங்கிலும் சிங்கப்பூரிலும் வேலைக்குச் செல்கிறார்கள். நல்ல தொழில், மதிப்புள்ள தொழில். நாளை உங்களில் ஒருவர் அத்தகைய பள்ளத்தில் நிற்கக்கூடும். மேலாளர் அவசரப்படுத்துவார், மழை வரும், லாரி காத்திருக்கும், “ஒரு முறைதானே, பரவாயில்லை” என்று யாரேனும் சொல்வார். அப்போது, “இன்னும் நேரம் முடியவில்லை” என்று சொல்லும் துணிவு வேண்டும். அவ்வாறு சொல்கிறவரைக் கோழை என்று எவரும் இகழலாகாது. பதறாத காரியம் சிதறாது என்பது நம் பாட்டிமார் சொல்லித் தந்த பாடமல்லவா?

உங்களுக்குப் பயிற்சி புதிதன்று. பட்டையின் கனம் பார்த்து, கையை அடக்கி, மரத்திற்குக் காயமின்றி வெட்டிய பெற்றோரின் பிள்ளைகள் நீங்கள். அந்தக் கையடக்கம் குழாய் வேலைக்கும் பொருந்தும் செல்வம். அதனை எடுத்துக்கொண்டு செல்லுங்கள்.

கேலாங்கில் அந்தப் பெரியவரும் இளைஞரும் காத்திருந்த எட்டு நிமிடத்தை யாரும் செய்தித்தாளில் எழுதவில்லை. அன்று மாலை அந்தத் தெருவில் வழக்கம்போல் அடுப்புகள் எரிந்தன. பிள்ளைகள் உண்டு உறங்கினார்கள். பாதுகாப்பு என்பது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். நன்றாக நடந்தால் எவருக்கும் தெரியாது. தெரியாமல் போவதே அதன் வெற்றி.